நாளுக்கு நாலு சண்டை

அந்தப் பழைய பண்ணையைப் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் தெரிய வருவது தொண்டையின் குரல்தான். வாசலில் டிக்கெட் வாங்கும்போதே கேட்கும். கால்வாய்க்கரை அங்கிருந்து நல்ல தூரம். நடுவில் தொழுவம், மாவரைக்கும் ஆலை, கொல்லன் பட்டறை, பண்ணைக்காரர் குடும்பம் ஒரு காலத்தில் வாழ்ந்த பெரிய கல்வீடு எல்லாம் இருக்கின்றன. அத்தனையையும் தாண்டி வந்து காதில் விழும். "ஏறுங்க, ஏறுங்க! தலையைக் குனிஞ்சு ஏறுங்க! உயரமானவங்களுக்குன்னு தனிப் படகு கிடையாது!" டிக்கெட் கொடுக்கிற பெண் அலுக்காமல் சொல்வாள்: "அதுதாங்க எங்க ஒலிபெருக்கி. கரண்ட்டே வேண்டாம்."

தொண்டை என்பது பட்டப்பெயர். பண்ணைக்கு வருவதற்கு முன் அவர் ஆற்றில் ஜல்லி ஏற்றும் இயந்திரப் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். இன்ஜின் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனிடம் தீப்பெட்டி கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். அப்படியே பழகிவிட்டது. ஜல்லி கம்பெனியை மூடியபோது படகு போயிற்று, சத்தம் மட்டும் அவரோடு தங்கிவிட்டது. மனுஷன் ஆஸ்பத்திரியில் விசாரிக்கப் போனாலும் வார்டு முழுக்க விழித்துக்கொள்ளும்.

பண்ணையை அருங்காட்சியகமாக மாற்றியபோது கால்வாயில் பழைய காலத்துப் படகு ஒன்றையும் விட்டார்கள். இன்ஜின் கிடையாது. கரையோரப் பாதையில் இரண்டு கோவேறு கழுதைகள் நடக்கும். அவற்றின் சேணத்திலிருந்து நீளமான கயிறு ஒன்று படகுக்கு வரும். அவை இழுக்கிற இழுப்பில் படகு போகும். பின்னால் ஒருவர் சுக்கான் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படகு கரையில் போய் முட்டிக்கொள்ளும். சுக்கானுக்குத் தொண்டை வந்தார். கழுதைகளை நடத்த ஆள் கிடைக்கவில்லை. "என் வீட்டுக்காரி இருக்கா. அவங்க அப்பா செங்கல் சூளையில கழுதை வெச்சிருந்தவர். கழுதைங்க இவ சொன்னா கேக்கும்" என்றார் அவர். அப்படித்தான் அந்த அம்மாவும் வேலைக்கு வந்தாள். எல்லோருக்கும் அக்கா.

கழுதைகளுக்குப் பெயர் வைத்தது தொண்டை. ஒன்று மாப்பிள்ளை, இன்னொன்று சம்பந்தி. மாப்பிள்ளை சாது. சம்பந்தி போகிற வழியில் புல் கண்டால் நின்றுவிடும். தொண்டையின் ஒரே மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டார் ஒருமுறை படகு பார்க்க வந்தார்கள் என்பதும், "சம்பந்தி, தின்னது போதும், நட!" என்று அவர் கத்தியபோது நிஜச் சம்பந்தி படகில் கையில் பன்னுடன் உட்கார்ந்திருந்தார் என்பதும் பண்ணையில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை. அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து யாரும் கால்வாய்ப் பக்கம் வரவில்லை.

சண்டை ஆரம்பித்ததும் சம்பந்தியால்தான். முதல் வருஷத்தில் ஒருநாள் படகு நிறையக் கூட்டம். சம்பந்தி புல்லைக் கண்டு நின்றுவிட்டது. படகு நடுத்தண்ணீரில் நின்றது. "ஏய், தூங்கறியா? கழுதையை ஓட்டத் தெரியாதா உனக்கு?" என்று தொண்டை படகிலிருந்து கத்தினார். அந்த அம்மா சாதாரணமாகப் பதிலுக்குப் பதில் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு வெயில், காலில் கொப்புளம். "தெரியாதுதான்! அதனாலதானே உங்களைக் கட்டிக்கிட்டேன்!" என்று கரையிலிருந்து கத்திவிட்டாள். கத்திவிட்டு, கயிற்றின் கொக்கியைக் கழற்றிக் கீழே போட்டு, கழுதைகளைக் கூட்டிக்கொண்டு விறுவிறு என்று நடந்தாள். படகில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தொண்டை கையெடுத்துக் கும்பிட்டார். "வாம்மா, தப்புதான், இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அவள் திரும்பி வந்தாள். கயிற்றை மாட்டினாள். படகு நகர்ந்ததும் தொண்டை பக்கத்திலிருந்தவரிடம், ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "கழுதை பரவாயில்லீங்க, இவளைத்தான் மேய்க்க முடியல" என்றார். ரகசியம் கால்வாய் முழுக்கக் கேட்டது. மறுபடியும் சிரிப்பு.

அன்று படகில் பொறுப்பாளர் அம்மா உட்கார்ந்திருந்தது அந்தக் குடும்பத்தின் போதாத காலம். பண்ணையில் யார் எந்த உடுப்பு போட வேண்டும், எந்த அறையில் எந்தப் பானை இருக்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறவர் அவர். சாயங்காலமே இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "இதை அப்படியே ஒவ்வொரு சவாரியிலயும் செய்யுங்க. அக்கா, நீங்க மட்டும் 'யோவ்'னு கூப்பிடுங்க. ஜனங்களுக்குப் பிடிக்கும்."

"அவரை எப்படிங்க யோவ்னு…" என்று அந்த அம்மா இழுத்தாள்.

"நாடகம்தானேம்மா!" என்றார் தொண்டை. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜல்லியைக் கொட்டியபோது யார் கைதட்டினார்கள்? வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கத்தினதற்குக் கைதட்டல் கிடைத்திருந்தது.

நாளுக்கு நாலு சவாரி. நாலு சண்டை. கல் பாலம் வரை போய்த் திரும்புகிறபோது, மரங்கள் அடர்ந்த வளைவில் சண்டை வரும். அவர் குறை சொல்ல வேண்டும். அவள் யோவ் என்று எகிற வேண்டும், கொக்கியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அவர் கெஞ்ச வேண்டும். படகில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து "அக்கா வாங்க, அக்கா வாங்க" என்று கூப்பிட வேண்டும். "இனிமே குறை சொல்லுவியாய்யா?" என்று அவள் இடுப்பில் கை வைத்துக் கேட்பாள். "சத்தியமா மாட்டேன்" என்பார். அவள் வந்து கயிற்றை மாட்டுவாள். படகு நகர்ந்த உடனே ஒரு குத்தலைச் சொல்வார். அதற்குத்தான் பெரிய சிரிப்பு. ஆக, நாளுக்கு நாலு தடவை சத்தியம் செய்து, நாலு தடவையும் அதை உடனுக்குடன் மீறுவது அவர் வேலை ஆயிற்று.

குத்தல் தினமும் ஒன்றாக இருந்தால் அவருக்கே அலுக்கும். புதிது தேட ஆரம்பித்தார். வேறெங்கே தேடுவார், வீட்டில்தான். அவள் சாதத்தைக் குழைய விட்டால் மறுநாள் படகில் வரும். கண்ணாடி போடாமல் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டால் வரும். தூக்கத்தில் அவள் உளறியது வரும். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. வாய்க்கு வந்தது, கைதட்டல் கிடைத்தது, அவ்வளவுதான். மனுஷன் அதைப் பற்றி இரண்டாவது முறை யோசித்ததில்லை. யோசிக்காமல் செய்கிற காரியத்துக்கு மன்னிப்பு கேட்க எப்போது தோன்றப் போகிறது?

போன வருஷம் ஒருநாள் சம்பந்தி கால் வழுக்கித் தண்ணீரில் இறங்கியது. கயிற்றைப் பிடித்திருந்த அந்த அம்மாவும் கூடவே போனாள். இடுப்பளவு தண்ணீர்தான். ஆனாலும் வெலவெலத்துப் போனாள். நாள் பூராவும் தண்ணீர் ஓரமாக நடக்கிறவளுக்கு நீச்சல் தெரியாது. யாரிடமும் சொல்லாமல் நகரசபை நீச்சல் குளத்தில், பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் போய்ச் சேர்ந்தாள், இந்த வயதில். ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தாள். தண்ணீர் குடித்தாள். பேத்தி வயசுப் பிள்ளைகள் பக்கத்தில் மீன் மாதிரி போய்க்கொண்டிருக்க, இவள் விடவில்லை. ஒரு ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது கணவனிடம் மட்டும் சொன்னாள். "இன்னைக்குக் கம்பியை விட்டுட்டு நாலு தடவை காலை அடிச்சேங்க. மூழ்கல." சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். அவருக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் இரண்டாவது சவாரியில் அது வந்துவிட்டது. "என் வீட்டுக்காரி நீச்சல் கத்துக்கறாங்க! குளத்துல இப்ப தண்ணியே இல்லையாம், பாதி இவ வயித்துல இருக்கு!" படகு குலுங்கியது. அவள் கரையில் கழுதைகளோடு நடந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாரத்திலிருந்து குளத்துக்குப் போகவில்லை. வீட்டில் அவரிடம் எதையும் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். உப்பு, பால், மின்சாரக் கட்டணம் என்று தேவைக்குப் பேசுவாள். "எங்க போயிட்டு வர்றே?" என்றால் "கடைக்கு." "என்ன யோசனை?" என்றால் "ஒண்ணுமில்லீங்க." குத்தலுக்குச் சரக்கு கிடைக்காமல் தொண்டை பழையதையே திருப்பிப் போட்டார். அப்போதும் ஜனம் சிரித்தது. அவருக்கு உறைக்கவில்லை.

உறைத்தது சீசன் முடிய ஒரு வாரம் இருக்கும்போது. குளிர்காலத்துக்குப் பண்ணையை மூடிவிடுவார்கள். டிக்கெட் பெண் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டாள்: "அக்கா இல்லாம அடுத்த வருஷம் எப்படிண்ணா சமாளிப்பீங்க?"

"அக்கா இல்லாமன்னா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியாதா? தங்கச்சி ஊருக்கே போறாங்களாமே. அங்க நாத்துப்பண்ணையில வேலை கிடைச்சிருக்காம். இனிமே அங்கதான்னு பொறுப்பாளர் அம்மாகிட்ட சொல்லியிருக்காங்க."

தொண்டையின் முகத்தில் ஈயாடவில்லை. அன்றைய மிச்சச் சவாரிகளில் சுக்கானை எப்படிப் பிடித்தார் என்று அவருக்கே தெரியாது. கயிற்றின் ஒரு நுனியில் இவர், மறு நுனியில் அவள். நடுவில் தண்ணீர். இறங்கி ஓடிப்போய்க் கேட்க முடியாது. சுக்கானை விட்டால் படகு முட்டிக்கொள்ளும். கேட்க வாயைத் திறந்தால் ஜனம் சிரிக்கத் தயாராக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். மெதுவாகக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தார். குரல் ஒத்துழைக்கவில்லை. "என்னை விட்டுட்டுப் போறியாமே!" என்று வந்தது. கால்வாயில் எப்படி வருமோ அப்படியே.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "மெதுவாப் பேசுங்க. இங்க யாரும் டிக்கெட் வாங்கல."

"நான் என்ன பண்ணிட்டேன்?"

"ஒண்ணும் பண்ணல."

"தப்பா எதாவது சொல்லியிருந்தா மன்னிச்சிரு. இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மடித்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே வைத்துவிட்டு அவள் அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். களைத்துப்போய்ப் பார்த்தாள். "இதைக் காலையிலருந்து நாலு தடவை சொல்லிட்டீங்க" என்றாள்.

உண்மைதான். அவர் சத்தமில்லாமல் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். மன்னிப்பு கேட்க ஒரு மனுஷனுக்கு என்னென்ன வார்த்தைகள் உண்டோ அத்தனையும் அவரிடம் இருந்தன. அத்தனையும் படகில் அடிபட்டுத் தேய்ந்தவை. வேறு வார்த்தைக்கு எங்கே போவது? மகளுக்குப் போன் செய்தார். "நீயாவது அம்மாகிட்ட சொல்லேன்." மகள், "நான் என்னப்பா சொல்ல? நீச்சல் விஷயத்தை என் மாமனார் வீட்டுல எல்லாரும் சொல்லிச் சிரிக்கிறாங்க. படகுல வந்தவங்க யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்காங்க" என்றாள். அதைப் போய் இத்தனை நாள் யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று முதலில் அவருக்குக் கோபம் வந்தது. யாரிடம் சொல்வது, சொன்னதே அவர்தானே என்று பிறகு உறைத்தது.

மறுநாள் பொறுப்பாளர் அம்மாவைப் போய்ப் பார்த்தார். கல்வீட்டின் மாடியில், பழைய காலத்துத் தொட்டில் வைத்திருந்த அறைக்குப் பக்கத்து அறையில் அவருடைய மேஜை. "அம்மா, சண்டையை விட்டுடலாம். சும்மா படகு மட்டும் ஓட்டறேன்."

"என்னங்க இது? போஸ்டர்லயே சண்டைப் படகுன்னுதானே போட்டிருக்கு? பள்ளிக்கூடப் பிள்ளைங்க அதுக்குன்னே வர்றாங்க. சீசன் முடியற நேரத்துல மாத்த வேண்டாம்" என்றார் அவர். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "அக்காகிட்டயும் கேட்டுட்டேன். இருக்கிற வரைக்கும் ஒழுங்கா செஞ்சு கொடுத்துட்டுப் போறேன்னுதான் சொன்னாங்க" என்றார். தொண்டை படியிறங்கி வந்தார்.

கடைசி நாள், கடைசிச் சவாரி. படகில் இடமில்லை. ஒரு கைக்குழந்தைக்காரி, தாத்தாவை நடுவில் உட்கார்த்தி வைத்த ஒரு குடும்பம், பின்பக்கம் முழுக்க ஏதோ அலுவலகத்திலிருந்து சேர்ந்து வந்த கூட்டம். கல் பாலம் வரை அவர் வாய் திறக்கவில்லை. "என்னங்க, ஒலிபெருக்கி ரிப்பேரா?" என்று யாரோ கேட்டார்கள். படகு திரும்பியது. வளைவு வந்தது. குறை சொல்ல வேண்டிய இடத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு அவர் குறை சொல்லிவிட்டதாகவே வைத்துக்கொண்டு, "யோவ், இந்த வேலையே வேண்டாம்யா! உன் படகை நீயே இழுத்துக்கோ!" என்று கொக்கியைக் கழற்றிப் போட்டாள். கழுதைகள் நடந்தன. படகு மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றது.

தொண்டை எழுந்து நின்றார். "போகாதேம்மா" என்றார். வழக்கம்போல் சிரிப்பு கிளம்பியது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "போகாதே. நீ இல்லாம அந்த வீட்டுல நான் என்ன பண்ணுவேன்? ஸ்டவ் பத்த வெக்கக்கூட எனக்குத் தெரியாது." சிரிப்பு. "நீச்சல் பத்திச் சொன்னது பெரிய தப்பு. நீ எங்கிட்ட மட்டும்தான் சொன்னே. நான் ஊருக்கே சொன்னேன். நான் மடையன்." "ஆமா, ஆமா!" என்றது பின்பக்கத்துக் கூட்டம். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. படகில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "சிரிக்காதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன். இது நாடகம் இல்லீங்க. நெஜமாவே இவ போகப் போறா."

அன்றைக்கு விழுந்தது போன்ற சிரிப்பு அந்தக் கால்வாயில் என்றைக்குமே விழுந்ததில்லை. தாத்தா பொய்ப்பல் தெரியக் கைதட்டினார். கைக்குழந்தைக்காரி மட்டும் சிரிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஆனால் அவளும் நல்ல நாடகம் பார்த்துத்தான் அழுதாள். யாரோ ஆரம்பித்தார்கள்: "அக்கா வாங்க! அக்கா வாங்க!" படகு முழுக்கச் சேர்ந்துகொண்டது. அவர் வாயைத் திறந்து எதையோ சொன்னார், அந்தச் சத்தத்தில் அவருடைய தொண்டையே எடுபடவில்லை.

அவள் திரும்பினாள். இடுப்பில் கை வைத்தாள். "இனிமே குறை சொல்லுவியாய்யா?"

"மாட்டேன்" என்றார். உடைந்துபோய் வந்தது.

அவள் கழுதைகளைத் திருப்பிக்கொண்டு வந்தாள், குனிந்து கயிற்றை எடுத்து மாட்டினாள். படகு நகர்ந்தது. எல்லோரும் கடைசிக் குத்தலுக்காக அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். ஒரு நிமிஷம் அவருக்கு நம்பிக்கைகூட வந்தது. திரும்பி வந்துவிட்டாளே என்று நினைத்தார். நினைத்த உடனே, நாளுக்கு நாலு தடவை அவள் திரும்பி வருவது இந்த ஜனத்துக்காக என்பதும் நினைவுக்கு வந்தது.

சவாரி முடிந்து எல்லோரும் இறங்கிப் போனார்கள். அவள் கொட்டகையில் சேணத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் முதுகை ஒரு துணியால் தேய்த்துவிட்டாள். அவர் வாசலில் போய் நின்றார்.

"கடைசி வரியை விட்டுட்டீங்க" என்றாள் அவள்.

"வேணும்னுதான் விட்டேன்."

"ஆனா இன்னைக்கு நல்லா பண்ணீங்க. அந்தக் குழந்தைக்காரப் பொண்ணு அழுதுடுச்சு, பாத்தீங்களா?"

"நான் நடிக்கல" என்றார்.

அவள் துணியை உதறி ஆணியில் மாட்டினாள். "அதையும்தான் படகுல சொல்லிப் பாத்தீங்களே" என்றாள். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். "எல்லாரும் எப்படிச் சிரிச்சாங்க!" அதற்குமேல் எதைச் சொன்னால் அவள் நம்புவாள் என்று அவருக்குத் தெரியவில்லை. நம்பாமல் போனது அவள் குற்றமும் இல்லை. கொட்டகை வாசலில் வெறுங்கையோடு நின்றார்.

இரண்டு நாள் கழித்துப் பஸ் ஸ்டாண்டுக்கு அவளுடைய பையை அவர்தான் தூக்கிக்கொண்டு போனார். தர மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. ஒரு பை, ஒரு துணிமூட்டை, அவ்வளவுதான் எடுத்திருந்தாள். பால்காரனுக்கு எந்தக் கிழமை பணம் கொடுக்க வேண்டும், தண்ணீர்க் குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் ஒழுகாது, அவருடைய பிரஷர் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டார். வாயைத் திறக்கவே பயமாக இருந்தது அவருக்கு. எந்த வார்த்தையை எடுத்தாலும் அது முன்பே படகில் சொன்னதாக இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது அவளுக்கு. அவர் கீழே நின்றார். டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். அவள் ஜன்னல் வழியாகக் குனிந்து அவரைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாரோ என்று எதிர்பார்த்ததுபோலத்தான் இருந்தது. அவர் சொன்னார்:

"ஜன்னலை மூடிக்கோ. காத்து அடிக்கும்."

ஊர் கேட்கக் கத்துகிற மனுஷன் அதைக் கத்தாமல் சொன்னார். அவள் தலையசைத்தாள். கண்ணாடியை இழுத்து மூடிக்கொண்டாள்.